ஒரு சவரக்கத்தியின் தேய்மானக் கணக்கு

சவரக்கத்தி என்றதும் இன்றைக்குப் பலருக்கும் ஞாபகம் வருவது, சலூனில் பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகுவார்களே, அந்தப் பிடிதான். இங்கே சொல்லப்போவது அது இல்லை. பிளேடே மாற்றத் தேவையில்லாத, மடக்கினால் தன் பிடிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிற பழைய கத்தி. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு வீட்டுத் தகரப் பெட்டிக்குள் அப்படி ஒன்று ஏறக்குறைய முப்பது வருஷம் சும்மா கிடந்தது. அதை மறுபடி முகத்தில் வைக்கிற நிலைக்குக் கொண்டுவந்தவன் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.காம். கடைசி வருஷம் படிக்கிற ஒரு பையன். கையில் இருந்த காசு 175 ரூபாய்.

பையனுடைய தாத்தா ஊருக்கு முடிவெட்டியவர். கடை கிடையாது. அடப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். (அடப்பம் என்றால் கத்தி, கத்தரி, சாணைக்கல், கிண்ணம், படிகாரம் எல்லாம் வைக்கிற தோல் பை. இந்தச் சொல்லையே இப்போது அகராதியில்தான் பார்க்க முடிகிறது.) கூலி அன்றன்றைக்குக் கிடையாது. அறுவடை முடிந்ததும் களத்துமேட்டுக்குப் போய் நின்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று நெல் அளந்து போடுவார்கள். சில வீடுகளில் திண்ணைக்கு மேலே ஏறவிட மாட்டார்கள். முகத்தைத் தொடலாம், திண்ணையைத் தொடக்கூடாது! இந்த நியாயத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. படித்து, அரசுப் பேருந்தில் கண்டக்டர் ஆனார். தாத்தாவின் அடப்பத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டியவரும் அவர்தான். அதற்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. அடுத்த சில வருஷங்களில் அந்தப் பயம் ஊர் ஊராகப் பரவி, ஒரே கத்தியைப் பத்துப் பேருக்குப் போடுகிற வழக்கம் நின்றுபோனது. ஆளுக்கு ஒரு புது பிளேடு என்றானது. அந்த மாற்றம் சரியானதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ரத்தத்தில் பரவும் நோய்களை மஞ்சள்காமாலையில் தொடங்கி எண்ணிப் பார்த்தால், பொதுக் கத்தி ஒழிந்தது நல்லதற்கே. ஆனால் கத்தியோடு சேர்ந்து அதைத் தீட்டுகிற வித்தையும் பெட்டிக்குள் போய்விட்டது. பிளேடு போடுகிறவருக்குச் சாணை எதற்கு, வார் எதற்கு?

தாத்தாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது. தானே சவரம் செய்துகொள்ள முடியாது. சலூனிலிருந்து ஒரு பையன் வீட்டுக்கு வந்து போட்டுவிட்டுப் போவான். போன தீபாவளி லீவில் பேரன் வந்திருந்தபோது, "அந்த பிளேடு கடிக்கில. என் கத்தி எங்க கெடக்குன்னு பாரேன்" என்று மெதுவாகக் கேட்டார். அவர் வாய்விட்டு எதையும் கேட்கிறவர் இல்லை. அதனால் பேரன் பெட்டியைத் திறந்தான்.

கத்தியின் அடிப்பகுதியில் எழுத்துகள் பாதி அழிந்து, 'சோலிங்கன்' என்பது மட்டும் படிக்கிற மாதிரி இருந்தது. ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர் அது. அந்த ஊரில் செய்யாத பொருளில் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 1938-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அம்பாசமுத்திரத்துக்கு அது எப்படி வந்தது என்று தாத்தாவுக்கே சரியாக ஞாபகம் இல்லை. தகட்டில் அங்கங்கே துரு. வாய் மழுங்கியிருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வாய் நெடுகிலும் ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோடு தெரியாது. ஒளியைத் திருப்பி அனுப்புகிற அளவுக்கு அங்கே அகலமே இருக்காது. செலவில்லாத சோதனை இது, வீட்டு அரிவாள்மணையிலும் செய்து பார்க்கலாம்.

வணிகவியல் மாணவனுக்கு இந்த இடத்தில் ஒரு சொல் வந்து முன்னால் நிற்கும்: தேய்மானம். பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் எடுத்த எல்லோரும் நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று பக்கம் பக்கமாகப் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்குகளில் எதுவும் உண்மையில் தேய்வதில்லை. வருஷத்துக்குப் பத்து சதவீதம் என்று கழித்துக்கொண்டே போவோம், அவ்வளவுதான். சவரக்கத்தியில் தேய்மானம் கண்ணால் பார்க்கிற சமாசாரம். தாத்தாவின் கத்தி வாங்கிய நாளில் இருந்த அகலத்தில் இப்போது இல்லை. ஒவ்வொரு சாணையும் கொஞ்சம் எஃகைத் தின்றிருக்கிறது. ஏட்டுக் கணக்குப்படி அதன் மதிப்பு எப்போதோ பூஜ்யம், எறிமதிப்பு என்று பழைய இரும்புக்காரர் நாலு காசு கொடுத்தால் உண்டு.

ஆனால் இந்தக் கத்தியை வடிவமைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். இதற்கு முதுகு தடிப்பு, வாய் மெல்லிசு. கல்லில் படுக்கப் போட்டால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். கோணத்தை யாரும் கையால் பிடிக்க வேண்டாம். முதுகின் தடிப்பும் தகட்டின் அகலமும்தான் கோணத்தை நிர்ணயிக்கின்றன. அகலம் 16 மில்லிமீட்டர், முதுகு 4.6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் வாயின் கோணம் சுமார் 16 டிகிரி வரும். தீட்டும்போது வாய் தேய்கிறது, முதுகும் கூடவே தேய்கிறது. அதனால் வருஷக்கணக்காகத் தேய்ந்தாலும் கோணம் பெரிதாக மாறுவதில்லை. அடுப்படிக் கத்திக்கு இந்தப் பாக்கியம் கிடையாது.

சரி, செலவுக்கு வருவோம். இணையத்தில் தேடினால் முதலில் வருவது ஜப்பான் கற்கள், பெல்ஜியத்துக் கற்கள். 1000-இல் ஆரம்பித்து 4000, 8000, 12000 என்று ஒரு வரிசை வாங்கச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். மெஸ் பில் கட்டவே ததிங்கிணத்தோம் போடுகிற பையன் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் மூடிவைத்தான். பிறகு பெயிண்ட் கடைக்குப் போனான். காருக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற கறுப்பு உப்புத்தாள் இருக்கிறதே, வாட்டர் பேப்பர், அது தாள் 25 ரூபாய். 1000-இல் ஒன்று, 1500-இல் ஒன்று, 2000-இல் இரண்டு: நூறு ரூபாய். ஸ்டீல் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிற பச்சைக் கட்டி 60. இன்சுலேஷன் டேப் 15. போட்டோ பிரேம் போடும் கடையில் வெட்டி ஒதுக்கிய தடித்த கண்ணாடித் துண்டை இனாமாகவே கொடுத்தார்கள். ஆகமொத்தம் 175. முதலினச் செலவா வருவாயினச் செலவா என்று கேட்காதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தாளில் போட்டிருக்கும் எண்ணும் ஜப்பான் கல்லில் போட்டிருக்கும் எண்ணும் ஒரே அளவு இல்லை. 2000 எண் உப்புத்தாளில் துகள் சுமார் 10 மைக்ரான். 2000 எண் ஜப்பான் கல்லில் 7 மைக்ரானுக்கும் கீழே. 8000 கல்லில் ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டும். அதாவது தாளை மட்டும் நம்பினால் கத்தி காய்கறி நறுக்கும், கன்னத்தைப் பிறாண்டும். நடுவில் ஒரு நல்ல மென்மையான கல் கட்டாயம் வேண்டும்.

அந்தக் கல் அடப்பத்திலேயே இருந்தது. கறுப்பாக, உள்ளங்கை நீளத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு. ஒரே குறை, நடுவில் குழி. நாற்பது வருஷம் தீட்டினால் கல் தேயாதா? குழி விழுந்த கல்லில் நேரான வாய் வராது. இதற்கு வைத்தியம் எளிது. கண்ணாடி மேல் உப்புத்தாளை ஈரத்தோடு ஒட்டி, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தாளில் தேய்க்க வேண்டும். மேடான இடத்துப் பென்சில் கோடு முதலில் அழியும், குழியில் உள்ளது கடைசி வரை நிற்கும். எல்லாக் கோடும் அழிந்தால் கல் சமம். பையனுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போனது. அறைத்தோழன் வேடிக்கை பார்த்துவிட்டு, "அம்மிக்கல் கொத்துறதுக்கு டிகிரி எதுக்குடே" என்றான்.

கத்தியைத் தீட்டுவதில் முதல் வேலை 1000 தாளில். வாயின் இரண்டு பக்கச் சரிவும் நுனியில் ஒன்றையொன்று சந்திக்கிறவரை அங்கேயே நிற்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். சந்திக்காத வாயை 12000 கல்லில் தேய்த்தாலும் பிரயோசனமில்லை, மழுங்கல் பளபளப்பாகும், அவ்வளவே. சந்தித்துவிட்டதா என்று பார்க்க மார்க்கர் பேனா போதும். சரிவில் மை பூசி இரண்டு இழுப்பு இழுத்தால், மை நுனிவரை போயிருக்க வேண்டும். நுனியோரம் மை மிச்சமிருந்தால் இன்னும் வேலை பாக்கி. முதுகு அதிகம் தேயாமலிருக்க ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொள்ளலாம். கோணம் இம்மியளவு கூடும், பரவாயில்லை.

பையன் முதல் தடவை செய்த தப்பு, அழுத்தியது. மழுங்கியதை அழுத்தினால் சீக்கிரம் கூராகும் என்று மனசு சொல்லும். கைக்கு அது நியாயமாகவும் படும். ஆனால் நுனி அவ்வளவு மெல்லியது, அழுத்தினால் கல்லை விட்டு வளைந்துகொள்கிறது. இரண்டாவது தப்பு, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றுக் குமிழ் இருந்ததைக் கவனிக்காதது. கத்தி நேராகப் போய்க் குமிழில் ஏறித் தாளைக் கிழித்தது. 25 ரூபாய் போச்சு, பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. மூன்றாவது தப்புதான் பெரிது. கத்தியைக் கழுவும்போது வாய் குழாயில் 'டிங்' என்று பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொக்கை. மறுபடி 1000.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்த் தாத்தாவிடம் காட்டினான். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, வாயின் மேல் குறுக்காக வைத்துப் பார்த்தார். (நெடுக்காக ஓட்டக்கூடாது, ஓட்டினால் விரல் போய்விடும்.) "அடியில நல்லா இருக்கு. நுனிப்பக்கம் தூங்குது" என்றார். கண் சரியாகத் தெரியாத மனிதர்! பிறகு கல்லை மடியில் வைத்து, தன் கைமேல் பேரன் கையை வைக்கச் சொன்னார். நடுக்கத்தோடுதான், ஆனால் இழுக்கிற வழி மட்டும் மாறவே இல்லை. கத்தியைக் குறுக்காகத் தள்ளிக்கொண்டே அடியிலிருந்து நுனிப்பக்கமாக நகர்த்துவது. கத்தி கல்லைவிட நீளம், அதனால் நேராகத் தள்ளினால் ஒரு முனை விட்டுப்போகும். "ஏல, நிமுத்தாத. முதுகு கல்லுல கெடக்கணும். கைய வச்சாப் போதும், கத்தி தானாப் போவும்." அப்பா அப்போது டூட்டி முடிந்து வந்தார். வாசலில் நின்று பார்த்தார். "இதத் தீட்டத்தான் உன்னயப் படிக்கப் போட்டேனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். தாத்தா எதுவும் சொல்லவில்லை. கல்லில் தண்ணீர் தெளித்தார்.

அந்தக் கேள்வியைக் குறை சொல்ல முடியாது. தன் அப்பா களத்துமேட்டில் துண்டை விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். வெளிநாட்டில் கத்தியால் சவரம் செய்வது பொழுதுபோக்கு, அழகான மரப்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். இங்கே ஒரு குடும்பத்துக்கு அது பிறப்போடு ஒட்டவைத்த தொழில். இரண்டும் ஒரே எஃகுதான். பார்க்கிறவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்பது வேறு.

கல்லுக்கு அப்புறம் வார். சாணை எப்போதோ ஒரு தடவை, வார் ஒவ்வொரு சவரத்துக்கு முன்னாலும். உண்மையில் கத்திப் பராமரிப்பில் முக்கால் பங்கு இதுதான், செலவும் மிகக் குறைவு. கல்லில் வாய் முன்னால் போகும். வாரில் முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் இழுபடும். முடிவில் திருப்பும்போது கத்தி முதுகின் மேல் புரள வேண்டும், வாயின் மேல் புரட்டினால் வாரும் போச்சு வாயும் போச்சு. தாத்தாவின் வாரை எலி கடித்துவிட்டிருந்தது. கடையில் இப்போது கிடைக்கிற மலிவான பெல்ட்டெல்லாம் ரெக்ஸின், உள்ளே அட்டை. அம்மாதான் பீரோவிலிருந்து அப்பாவின் பழைய பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார். கண்டக்டர் வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கியது, முழுத் தோல். பழைய ஜீன்ஸ் துணியை ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி அதில் பச்சைக் கட்டியை லேசாகத் தேய்த்துக்கொண்டான். அந்தப் பச்சை, குரோமியம் ஆக்சைடு. சுத்தமான பொடி அரை மைக்ரான் அளவில் கிடைக்கும், பாத்திரப் பாலிஷ் கட்டியில் கரடான வேறு துகளும் கலந்திருக்கலாம். அதனால் பத்து இழுப்புக்கு மேல் வேண்டாம். பிறகு வெறும் தோலில் ஐம்பது. பெல்ட்டில் பையன் ஒரு தடவை தப்பாகத் திருப்பி நடுவில் ஒரு கீறல் போட்டான். வார் இல்லாத அவசரத்துக்குத் தாத்தா உள்ளங்கையிலேயே கத்தியைத் தீட்டுவாராம். அதைப் பார்க்கவே வயிற்றைக் கலக்கும், யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

எஃகைவிட மயிர் எவ்வளவோ மிருது. அப்புறம் ஏன் கத்தி மழுங்குகிறது? அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் 'சயன்ஸ்' இதழில் இதற்குப் பதில் எழுதினார்கள். மயிர் பிளேடைவிட ஐம்பது மடங்கு மிருதுவானது. வெறும் தேய்மானத்தால் மட்டும் வாய் கெடுவதில்லை. வெட்டும்போது மயிர் வளைந்து சாய்வாக வாயில் மோதுகிறது. எஃகின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லாததால், பலவீனமான இடத்தில் நுண்ணிய சில்லு பெயர்ந்துவிடுகிறது. மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் படம் பிடித்தே காட்டினார்கள். தாத்தா வெந்நீர்த் துணியை முகத்தில் ஒத்தி ஊறவைக்காமல் கத்தியை எடுக்கவே மாட்டார். ஊறிய மயிர் இன்னும் மிருதுவாகும், கத்திக்கு வேலை குறையும்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், நம் ஊரில் சிக்கனத்துக்காக இந்தக் கத்திக்கு மாறுவதில் அர்த்தமில்லை. பிளேடு ஒன்று சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. புதுக் கத்தியும் கல்லும் வாரும் வாங்கி அந்தக் காசை மிச்சம் பிடிக்கப் பல வருஷம் ஆகும். ஏற்கெனவே கையில் கத்தி இருந்து, கல்லும் இருந்து, நேரமும் இருந்தால்தான் கணக்கு சரிவரும். இந்தப் பையனுக்கு மூன்றும் இருந்தன. செமஸ்டர் நெருங்கியதால் நேரம் மட்டும் கொஞ்சம் இழுபறி.

இன்னொரு முகத்தில் கத்தி வைப்பது தீட்டுவதைவிடப் பெரிய வேலை. பையன் பலூனை ஊதி, நுரை பூசி, அது வெடிக்காமல் வழிக்கப் பழகினான். ஏழு பலூன் வெடித்தது. எட்டாவது நின்றது. பொங்கல் லீவில், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கத்தியை டெட்டாலில் முக்கித் துடைத்து, தாத்தாவைத் திண்ணையில் உட்காரவைத்தான். இனி அந்தக் கத்தி அவர் ஒருவருக்கு மட்டும்தான், வேறு யார் முகத்துக்கும் போகாது என்பது வீட்டில் பேசி வைத்த ஏற்பாடு.

வயதான தோல் தொளதொளவென்று இருக்கும். இடது கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியை முகத்தோடு சுமார் 30 டிகிரி சாய்த்து, காதோரத்திலிருந்து தொடங்கினான். இரண்டு இழுப்பு. தாத்தா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். வெட்டிவிட்டதோ என்று பையனுக்கு வியர்த்துவிட்டது.

"வாரு பத்தல. இன்னும் இருவது இழு."

பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இருபது இழுத்தான். மறுபடி வைத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். கன்னம், தாடை, கழுத்து. மேலுதட்டில் மட்டும் ஒரு பொட்டு ரத்தம், படிகாரம் வைத்ததும் நின்றது. முடிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே, "அறுப்பு முடியட்டும். களத்துக்கு வந்து நெல்லு வாங்கிக்கடே" என்றார்.

அப்பா உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். டூட்டிக்குக் கிளம்புகிற நேரம். வெளியே வந்தவர் ஜன்னல் கம்பியில் தொங்கிய பெல்ட்டை எடுத்து, நடுவிலிருந்த கீறலை விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் திருப்பி மாட்டு. இந்தப் பக்கம் கெட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பையன் கத்தியைத் துடைத்து, வெயிலில் கொஞ்ச நேரம் திறந்தபடியே வைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவினான். ஆற்றோர ஊர், ஈரக்காற்று, ஒரே ராத்திரியில் வாயில் துரு ஏறிவிடும். தேங்காயெண்ணெய் போதுமே என்றார் தாத்தா. அது நாளாக நாளாகப் பிசினாகிவிடும் என்று இவன் சொல்ல, இருவரும் அதைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.